ஒபர்ஹவுசன்: ஒரு தொழிற்சாலை ஊரின் கலைக் கதை

 

மலர்க்குழு அண்ணை "இந்தமுறை நீயும் ஒரு கட்டுரை தா" எண்டு கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் ஏ.எல். சோதனையோடை படிப்பை விட்டவன். இஞ்சை இரும்புச் சாமான் செய்யிற ஒரு தொழிற்சாலையில் மூண்டு சிப்ற் மாறி மாறி வேலை. வரலாறு எழுத நான் ஆர்? ஆனாலும் எனக்குப் பிடித்த சில குறும்படங்கள், பாட்டுக்கள், கலைப் படைப்புக்கள் இருக்கின்றன. அவை எங்கிருந்து வந்தன எண்டு தேடிக்கொண்டு போனால், அரைவாசிக் கதை எங்கட காலடியில், இந்த ரூர் பிரதேசத்துக்குள்ளேயே கிடக்கிறது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். இதற்குள் நான் செய்த ஒரு பெரிய பிழையும் இருக்கு. அதைக் கடைசியில் சொல்லுறன்.

வி.எச்.எஸ். எண்டால் என்ன?

நான் 2013ஆம் ஆண்டு இங்கே வந்து சேர்ந்தேன். வந்த கிழமையே சித்தப்பா சொன்னார்: "முதல் வேலையா வி.எச்.எஸ்ஸுக்குப் போய்ப் பேரைப் பதி." எனக்கு வி.எச்.எஸ். எண்டால் வீடியோக் கசற்தான். சித்தப்பாவின் அலுமாரிக்கு மேலேயும் அப்படி ஒரு பெட்டி நிறையக் கசற் இருந்தது. "ஏன் சித்தப்பா, கசற் பாத்தே டொச் படிக்கிறது?" எண்டு கேட்டுப்போட்டன். வீடே சிரித்தது.

ஜேர்மன்காரர் ஃபௌ-ஹா-எஸ் எண்டு சொல்லுறது 'ஃபோல்க்ஸ்ஹோக்சூல' என்பதன் சுருக்கம். பொதுமக்களுக்கான கல்விக்கூடம். வேலை முடிந்து பின்னேரத்தில் போய் மொழியோ தையலோ கணக்கோ குறைந்த காசில் படிக்கலாம். எங்கட ஆக்கள் கனபேர் டொச் படித்தது அங்கேதான். எங்களுக்கு அது டொச் வகுப்பு, சேர்ட்டிபிக்கற், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் எங்கட ரீச்சர் வகுப்பில் கேட்டா: "இந்தக் கல்விக்கூடத்தின் தலைவராக இருந்த ஒருவர்தான் உலகம் அறிந்த ஒரு குறும்பட விழாவைத் தொடங்கினவர், தெரியுமோ?" நாங்கள் ஒருவரும் நம்பவில்லை. இரவு வேலை முடிந்து வந்து நித்திரை தூங்கிக்கொண்டிருந்த நானும் நம்பவில்லை. ஆனால் அது உண்மை.

கரியும் இரும்பும் விளைந்த ஊர்

ஒபர்ஹவுசன் கலைக்குப் பேர்போன ஊர் இல்லை. ராசா அரண்மனை கட்டி வளர்த்த ஊரும் இல்லை. கரியும் இரும்பும்தான் அந்த ஊரைப் பெற்றது. ரூர் பிரதேசத்தின் முதலாவது இரும்பு உருக்காலையான சென்ற் அன்ரனி ஆலை இங்கேதான் 1758ஆம் ஆண்டு உலை மூட்டியது. பிறகு சுரங்கங்கள், உருக்கு ஆலைகள், துத்தநாக ஆலை, றெயில் பாதை என்று ஊர் முழுக்கப் புகை. இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து நொருங்கியது. போர் முடிந்ததும் திரும்பக் கரி, திரும்பப் புகை.

இந்த ஊரின் வி.எச்.எஸ்ஸுக்கு 1951இல் ஹில்மார் ஹொவ்மான் என்ற 26 வயது இளைஞர் தலைவரானார். போருக்குப் போய், கைதியாக இருந்து, பிறகு எசன் நகரில் நாடகம் படித்தவர். சுரங்கத் தொழிலாளிகள் நிறைந்த ஊரில் பின்னேர வகுப்பு நடத்துவதோடு அவர் நிற்கவில்லை. ஊர்த் திரைப்படக் கழகத்தையும் சேர்த்துக்கொண்டு 1954இல் ஒரு குறும்பட விழாவைத் தொடங்கினார். அது இன்றைக்கும் நடக்கிறது. 2024இல் எழுபதாவது விழா நடந்தது. எங்கட சித்திரைக் கொண்டாட்டம் முடிய, ஏப்ரல் கடைசியில் அல்லது மே தொடக்கத்தில் வரும்.

ஏன் குறும்படம்? பெரிய படம் எடுக்கக் காசு வேண்டும், கம்பனி வேண்டும், நட்சத்திரம் வேண்டும். பத்து நிமிசப் படத்தை நாலு கூட்டாளிகளும் ஒரு கமராவும் சேர்ந்து எடுத்துவிடலாம். அதனால் பெரிய படத்தில் வாய் திறக்க ஏலாத ஆக்கள் குறும்படத்தில் வாய் திறந்தார்கள்.

1958 முதல் இந்த விழாவுக்கு ஒரு வாசகம் வைத்தார்கள்: அயலவரை நோக்கிய பாதை. அது பனிப்போர்க் காலம். சோசலிச நாட்டுப் படங்களை உள்ளே விடுவதா விடாமல் தடுப்பதா என்று பார்ப்பதற்கே போன் அரசு ஒரு குழு வைத்திருந்தது. அந்த நேரத்தில் போலந்து, யூகோஸ்லாவியா, ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியப் படங்களை இந்தத் தொழிலாளர் ஊரில் திரையிட்டார்கள். போர் முடிந்து பத்துப் பதின்மூன்று வருசம்கூட ஆகாத நேரம், நேற்றைக்கு எதிரியாய் நின்றவனின் வீட்டுக்குள் என்ன நடக்குது எண்டு பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார்கள். எங்கட நாட்டை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விசயம் எண்டு உங்களுக்கு விளங்கும்.

இருபத்தாறு பேரின் அறிவிப்பு

1962ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் திகதி இதே விழாவில் 26 இளைஞர்கள் ஓர் அறிவிப்பில் கையெழுத்து வைத்து வெளியிட்டார்கள். பழைய ஜேர்மன் சினிமா செத்துவிட்டது, புதியதில் நாங்கள் நம்பிக்கை வைக்கிறோம், அதைச் செய்ய எங்களுக்குச் சுதந்திரம் வேண்டும் என்பதே அதன் சாரம். சும்மா வீறாப்புக்குச் சொன்னதில்லை. அதற்கு முந்திய வருசம், 1961இல், அரசின் திரைப்பட விருதுக்குச் சிறந்த கதைப்படம் என்று கொடுக்க ஒரு படம்கூடத் தேறவில்லை. ஆனால் இந்த இளைஞர்களின் குறும்படங்கள் வெளிநாட்டு விழாக்களில் பரிசு வாங்கிக்கொண்டிருந்தன.

அவர்கள் கேட்டது வீண்போகவில்லை. 1965இல் இளைஞர்களின் முதற்படத்துக்குக் காசு கொடுக்கிற ஒரு நிதியம் உருவானது. 1966இல், கையெழுத்து வைத்தவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் குளூகேயின் படம் வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்கம் பரிசு பெற்றது. இன்னொருவர் எட்கார் றைற்ஸ். அவர் 1984இல் 'ஹைமாற்' என்ற நெடுந்தொடரை எடுத்தார். ஹைமாற் எண்டால் எங்கட பாஷையில் 'ஊர்'. ஒரு சின்னக் கிராமத்தில் இருந்து ஒருவன் ஒருத்தருக்கும் சொல்லாமல் அமெரிக்காவுக்குப் போய்விடுவான். வீட்டில் நிண்டவைக்கு என்ன நடந்தது எண்டதுதான் கதை. டொச் முழுக்க விளங்காவிட்டாலும் பாருங்கோ. எங்கட அம்மாமாருக்கு அது நல்லாய் விளங்கும்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். அந்த 26 பேரும் ஆண்கள். ஒரு பெண்கூட இல்லை. எங்கட சங்கங்களின் பழைய நிர்வாகக்குழுப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும்.

படிக்கட்டில் ஒரு கமரா

இனி எனக்கு மிகவும் பிடித்த குறும்படம். செலிமிர் ஷில்னிக் என்ற யூகோஸ்லாவிய இயக்குநர் 1942இல் நிஷ் நகரத்து நாசி முகாமில் பிறந்தவர். வேலையில்லாதவர்களைப் பற்றி அவர் எடுத்த படம் 1968இல் ஒபர்ஹவுசனில் பெரும் பரிசு பெற்றது. பிறகு சொந்த நாட்டில் தணிக்கைக் கெடுபிடி கூட, ஜேர்மனிக்கு வந்து கொஞ்சக்காலம் படம் எடுத்தார்.

அதில் ஒன்று 1975இல் முன்சனில் எடுத்த 'இன்வென்ரூர்: மெற்ஸ்ஸ்ட்ராச 11'. இன்வென்ரூர் எண்டால் கடையில் இருப்பு எடுக்கிறது. படம் மொத்தம் ஒன்பது நிமிசம்தான். ஒரு பழைய மாடிவீட்டுப் படிக்கட்டில் கமராவை வைத்துவிட்டு நிற்கிறார். அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிற இத்தாலியர், துருக்கியர், கிரேக்கர், யூகோஸ்லாவியர் ஒவ்வொருவராக மேலேயிருந்து இறங்கி வந்து கமராவுக்கு முன்னால் நிற்பார்கள். பேர் என்ன, எங்கேயிருந்து வந்தது, என்ன வேலை, எவ்வளவு வாடகை, இதைச் சொல்லிப்போட்டுக் கீழே இறங்கிப் போவார்கள். சிலர் டொச்சில், சிலர் தங்கட பாஷையில். அவ்வளவுதான் படம்.

முதல் தரம் பார்த்தபோது "இதென்ன படம்?" எண்டு நினைத்தேன். இரண்டாந்தரம் பார்க்கேக்கை தொண்டை அடைத்தது. பேர், ஊர், வந்த பாதை எண்டு நாங்களும் எத்தனை கந்தோரில் சொல்லியிருப்பம்? ஆனால் அங்கே எங்களைச் சந்தேகப்பட்டுத்தான் கேட்டவை. இந்தப் படத்தில் கேட்கிறவன் மரியாதையோடை நின்று கேட்கிறான். கேள்வி ஒன்றுதான்.

மளிகைக்கடையில் விற்ற பாட்டு

ஒபர்ஹவுசன் விழா 1999இல் இசை வீடியோவுக்கும் ஒரு பரிசு தொடங்கியது. ஒரு பட விழா இசை வீடியோவுக்குப் பரிசு கொடுத்தது உலகத்திலேயே அதுதான் முதல் தரம் என்பார்கள். பெரிய கம்பனிகளின் விளம்பரக் காசு இல்லாமல் பாடுகிற குழுக்களைத் தேட அது எனக்கு உதவியது. ஆனால் உண்மையான 'சொந்தக்காலில் நிண்ட' இசையை எனக்குக் காட்டியது விழா இல்லை, என்னோடை ஒரே மெசினில் நிற்கிற துருக்கிக்கார அண்ணை.

ஜேர்மனியும் துருக்கியும் ஆட்சேர்ப்பு ஒப்பந்தம் செய்தது 1961 அக்டோபர் 30ஆம் திகதி. வந்த தொழிலாளிகளுக்குக் கேட்கப் பாட்டு வேண்டுமே? 1964இல் கொலோன் நகரில் 'துர்க்குயோலா' என்ற ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பனியைத் துருக்கியரே தொடங்கினார்கள். ஜேர்மன் இசைத்தட்டுக் கடைகள் அவற்றை விற்கவில்லை. துருக்கிய மளிகைக் கடையில் தக்காளிக்கும் ஒலிவ் காய்க்கும் பக்கத்தில் வைத்து விற்றார்கள். பிறகு அதே மாதிரிக் கசற். 'கொலோன் குயில்' என்று பேர்பெற்ற யூக்செல் ஓஸ்கசாப் என்ற பாடகியின் இசைத்தட்டுக்கள் இலட்சக்கணக்கில் விற்றன. ஆனால் மளிகைக்கடையில் வித்ததை ஆர் எண்ணுறது? ஜேர்மன் விற்பனைப் பட்டியலில் அவ்வின் பேர் இல்லை.

மெத்தின் துர்க்கோஸ் என்பவர் 1962இல் வந்து கொலோன் போர்ட் தொழிற்சாலையில் வேலை செய்தவர். சாஸ் என்ற நரம்பு வாத்தியத்தைத் தானே மீட்டி, மேற்பார்வை மைஸ்ரருக்குக் காலை வணக்கம் சொல்லிக் கிண்டலடிக்கிற பாட்டைத் துருக்கியும் டொச்சும் கலந்து பாடினார். எங்கட அண்ணை அந்தப் பாட்டைச் சாப்பாட்டு அறையில் போட்டால் மைஸ்ரரே சிரிப்பார்.

செம் கராஜா கதை வேறை. துருக்கியில் பெரிய றொக் பாடகர். 1980 இராணுவப் புரட்சிக்குப் பிறகு நாடு திரும்ப ஏலாமல் ஜேர்மனியில் இருந்தார். 1983இல் அவருடைய குடியுரிமையையே பறித்தார்கள். அவர் 1984இல் டொச் மொழியில் ஒரு இசைத்தட்டுப் போட்டார். அதன் தலைப்பு, வெளிநாட்டுக்காரரைப் பார்த்து இஞ்சத்தையான் சொல்லுகிற 'கனாக்கன்' என்ற அதே வசைச்சொல். 1987இல்தான் நாட்டுக்குத் திரும்பினார்.

இந்தப் பாட்டுக்களை ஜேர்மன் சமூகம் கவனித்தது எப்போது? 2013இல் முன்சனில் ஒரு சின்னக் கம்பனி பழைய தொழிலாளர் பாட்டுக்களைத் திரட்டி வெளியிட்டது. 2022இல் ஜெம் காயா என்ற இயக்குநரின் 'அன்பு, டொச்மார்க், சாவு' என்ற ஆவணப்படம் பெர்லின் விழாவில் பார்வையாளர் பரிசு பெற்றது. ஐம்பது அறுபது வருசம் சென்றது. அவ்வளவு காலமும் அந்தப் பாட்டுக்களைக் காப்பாற்றி வைத்திருந்தது ஆர்? குசினி அலுமாரியிலும் காரின் தட்டிலும் கசற்றைப் போட்டு வைத்திருந்த குடும்பங்கள்தான்.

பீப்பாச் சுவர்

மூன்றாவது, கண்ணால் பார்க்கிற கலை. ஒபர்ஹவுசனுக்குப் போனவர்கள் பெரிய வட்டத் தகரக் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் கசோமீற்றர். உலையில் வருகிற வாயுவைச் சேமிக்க 1929இல் கட்டி முடித்தது. உயரம் 117.5 மீற்றர். 1988இல் வேலை நின்றது. இடிப்பதா வைப்பதா என்று வாதம் நடந்து, கடைசியில் 1994இல் கண்காட்சி மண்டபமாகத் திறந்தார்கள்.

இந்த மாதிரி வாயுத் தாங்கிகள், சுரங்கக் கோபுரங்கள், உலைகள் எல்லாவற்றையும் பெர்ண்ட் பெகர், ஹில்லா பெகர் என்ற தம்பதிகள் 1959 முதல் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள். மப்பு வானத்தில், நேர்முன்னால் நின்று, ஆளுக்குப் பாஸ்போட் படம் எடுக்கிற மாதிரி. "பழைய இரும்பைப் போய் ஏன் படம் பிடிக்கினம்?" என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அந்தக் கட்டிடங்களில் கனக்க இப்போது இல்லை. ரூர் பிரதேசத்தின் கடைசிக் கரிச்சுரங்கமும் 2018 டிசம்பரில் பொற்றொப் நகரில் மூடப்பட்டது. படங்கள்தான் மிச்சம். 1990இல் வெனிஸ் கலைவிழாவில் அவர்களுக்குப் பரிசு கிடைத்தது, அதுவும் சிற்பத்துக்கான பரிசு.

அதே கசோமீற்றருக்குள் 1999இல் கிறிஸ்ரோவும் அவர் மனைவி ஜான்-குளோட்டும் 13,000 எண்ணெய்ப் பீப்பாக்களை அடுக்கி ஒரு சுவர் எழுப்பினார்கள். 26 மீற்றர் உயரம், 68 மீற்றர் அகலம். சிவப்பு, மஞ்சள், நீலம் எண்டு பல நிறம். நான் படத்தில்தான் பார்த்தேன். பார்த்தவுடனே எனக்கு வந்தது எங்கட ஊர்ச் சந்தி. சென்றிக்குப் பக்கத்தில் மண் நிரப்பி அடுக்கின தார்ப் பீப்பா. சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போற இடம்.

பிறகு வாசித்தபோதுதான் தெரிந்தது, கிறிஸ்ரோவும் எங்களைப் போல ஒரு அகதி. பல்கேரியாவில் பிறந்து, 1957 சனவரியில் செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்து சாமான் ஏத்துற றெயில் பெட்டிக்குள் ஒளித்து வியன்னாவுக்கு ஓடியவர். கனவருசம் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இருந்தார். பெர்லின் சுவர் எழும்பின அடுத்த வருசம், 1962 யூனில், பரிஸ் நகரில் ஒரு ஒடுக்கமான தெருவை 89 பீப்பாக்களால் சில மணித்தியாலம் மறித்து வைத்தார். அதுதான் அந்தக் கலைஞனின் பதில். எங்களை மறித்த பீப்பாவையே ஒரு அகதி எடுத்துக் கேள்வி கேட்கலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

நான் செய்த பிழை

இப்போது என்ரை பிழைக்கு வாறன்.

சித்தப்பா 1986இல் வந்தவர். அலுமாரிக்கு மேலே அவர் வைத்திருந்த பெட்டியில் நாற்பது கசற்றுக்குக் கிட்ட இருந்திருக்கும். பாட்டுக் கசற், கலியாணவீடு, சங்கத்து விழா. அதில் ஒன்று 1988இல் அகதிகள் இருந்த விடுதி மண்டபத்தில் அவரும் கூட்டாளிகளும் போட்ட நாடகம். கட்டில் விரிப்புத்தான் திரை. அகதி விசாரணைதான் கதை. ஒருவர் அதிகாரி, ஒருவர் அகதி, நடுவில் நிற்கிற மொழிபெயர்ப்பாளர் எல்லாத்தையும் பிழைபிழையாச் சொல்லுவார். சித்தப்பாதான் அந்த மொழிபெயர்ப்பாளர். நான் ஒரே ஒருதரம் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

2019இல் அவை வீடு மாறினவை. "மெசினும் இல்லை, இனி ஆர் பாக்கிறது?" எண்டு நான்தான் சொன்னேன். பெரிய குப்பை ஏற்றுகிற நாளில் அந்தப் பெட்டியை நாலு மாடி இறக்கி றோட்டுக்கரையில் வைத்ததும் நான்தான்.

2023இல் ஒரு தங்கச்சி சித்தப்பாவைத் தேடி வந்தா. அந்த நாடகத்தில் அதிகாரியாக நடித்தவரின் மகள். தகப்பன் அவ்வுக்கு நாலு வயதிலேயே மோசம் போய்விட்டார். "அப்பான்ரை குரல் எங்கேயும் இல்லை அங்கிள். நீங்கள் ஏதோ நாடகம் எடுத்தனீங்கள் எண்டு அம்மா சொன்னவா." சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டேன்.

கலையெல்லாம் காசுக்காரருக்கு, படித்தவைக்கு, வெள்ளைக்காரருக்கு எண்டு நான் நினைத்திருந்தேன். ஆனால் எனக்குப் பிடித்த படமும் பாட்டும் பீப்பாச் சுவரும் பின்னேர வகுப்பிலும் மளிகைக்கடையிலும் அகதியின் கையிலும் உண்டானவை. சித்தப்பாவின் நாடகமும் அந்த வரிசையில் நிண்ட ஒன்றுதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. மற்றதை ஆரோ எடுத்து வைத்தார்கள். இதை நான் எறிந்துவிட்டேன்.

துருக்கியில் இருந்து வந்த சிலர் "எங்கட கதை அழிந்துபோகும்" என்று பயந்து 1990இல் பக்கத்து எசன் நகரில் ஒரு ஆவணக் காப்பகம் தொடங்கினார்கள். டோமிட் என்ற பேரில் அது இப்போது கொலோனில் இருக்கிறது. எந்த நாட்டில் இருந்து வந்தவர்களின் கடிதம், படம், சூட்கேஸ் ஆனாலும் சேர்க்கிறார்கள். எங்களுக்கும் 2005இல் தொடங்கிய 'நூலகம்' இருக்கிறது. ஜேர்மனியில் இருந்து வந்த 'தூண்டில்' போன்ற பழைய சஞ்சிகைகளை எல்லாம் அதற்குள் தேடலாம்.

ஆனபடியால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் கிடக்கிற கசற், வீடியோ, நாடகப் பிரதி, விழா நோட்டீஸ் எதையும் எறியாதீங்கோ. உலகத்தில் கடைசியாக வீடியோ றெக்கோடர் செய்த கம்பனியும் 2016இல் அதை நிறுத்திவிட்டது. நாடா உள்ளுக்கே பழுதாகிக்கொண்டு இருக்கும். புத்தாண்டு விழாவன்று மண்டப வாசலில் ஒரு மேசை போட்டு நான் இருப்பேன். பழைய றெக்கோடர் ஒன்று திருத்தி வைத்திருக்கிறேன். கசற்றைக் கொண்டு வந்து தாங்கோ, கொப்பி எடுத்துத் திருப்பித் தருவேன். உறையின் பின்பக்கம் ஆர், எங்கே, எந்த வருசம் எண்டு எழுதி விடுங்கோ. பிள்ளைகள் குறும்படம் எடுக்கப் போறம் எண்டு கேட்டால் "படிப்பைப் பார்" எண்டு மட்டும் சொல்லாமல், கமராவுக்கு முன்னால் வந்து நின்று உங்கட பேரையும் ஊரையும் சொல்லுங்கோ.

முக்கியமாக, 1988இல் அந்த நாடகத்தைப் பார்த்தவர்கள், அதன் கொப்பி ஒன்றைத் தற்செயலாக வைத்திருப்பவர்கள் ஆராவது இருந்தால், தயவுசெய்து சங்கத்துக்கு அறிவியுங்கள். அந்தத் தங்கச்சி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறா.

எல்லாருக்கும் புதுவருசம் நல்லபடி பிறக்கட்டும். வணக்கம்.